மலைநாட்டுப் பிள்ளைகளும் அவர்கள் கேட்ட கதைகளும்

எமது சங்க வாசிகசாலையில் சிறுவர்க்கென ஓர் அலுமாரி உண்டு. அதிலே தெனாலிராமன் இருக்கிறான். விக்கிரமாதித்தனும் வேதாளமும் இருக்கின்றனர். சிந்துபாத் ஏழு முறை கடல் கடந்து மீள்கிறான். ராபின்சன் குரூசோ ஆளில்லாத் தீவிலே ஆடு வளர்க்கிறான். சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அவ்வலுமாரியை மேலும் கீழுமாக இரண்டு முறை துழாவிவிட்டு, “லயத்துப் பிள்ளைங்க கதை ஒண்ணுகூட இல்லீங்களா சார்?” என்று கேட்டாள். இல்லையென்று சொல்ல நா எழவில்லை. உண்டென்று எடுத்துக் கொடுக்கப் புத்தகமும் இல்லை. அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

மலைநாட்டுப் பிள்ளைகள் கதை இல்லாமலா வளர்ந்தனர்? அன்று. கதை கேட்டே வளர்ந்தனர். தாயை இழந்த பிள்ளைகளின் கதை, அண்ணனும் தங்கையும் பிரிந்த கதை, காடும் கடலும் கடந்த கதை என்று, வளர்தலும் குடும்பமும் வீரச் செயலும் நிறைந்த கதைகள் நூறாண்டுக்கு மேலாக லயத்து அடுப்படியிலே சொல்லப்பட்டு வந்தன. அவற்றுள் பல ஏட்டில் ஏறவில்லை. ஏறியவையும் பிள்ளைகளுக்கென ஏறவில்லை.

வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1820களிலே கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் இம்மலைகளிலே பிள்ளைகள் அதிகம் இருந்ததில்லை. கோப்பிப் பழம் பறிப்பது ஒரு பருவத்துத் தொழில். ஆகையால் பெரும்பாலும் ஆண்களே இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி, மன்னார்ப் பக்கத்தில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் மாண்டோர் பலர். 1869இல் கோப்பி இலையிலே நோய் தோன்றிற்று. சில ஆண்டுகளில் அப்பயிர் அழிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலையின் இயல்பு வேறு. கொழுந்து பருவம் பாராது. ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். பறிக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் பிள்ளைகளும் வருவர். ஆகவே மலைநாட்டிலே ஏணை கட்டித் தாலாட்டும் வழக்கம் தேயிலைச் செடியோடுதான் வேரூன்றியது என்று சொல்லலாம். ஏணை இருக்குமிடத்தில் தாலாட்டு இருக்கும். தாலாட்டு ஓயுமிடத்தில் கதை தொடங்கும்.

முதற்கதை, வந்த வழியின் கதையேயாகும். என் அப்பாயிக்கு அவருடைய மாமியார் சொல்லி, அப்பாயி எங்களுக்குச் சொன்னது அது. மாமியார் சிறுபெண்ணாய்த் தகப்பன் தோளில் அமர்ந்து வந்தவர். கூட்டத்திற்கு முன்னும் பின்னும் ஆட்கள் தீப்பந்தம் பிடித்துக்கொள்ள, நடுவிலே பெண்களும் பிள்ளைகளும் நடப்பார்களாம். யானையின் வாடை வந்தால் ஒருவரும் பேசலாகாதாம். இதைச் சொல்லும்போது அப்பாயியும் குரலைத் தாழ்த்தி, அடுப்பிலே இருக்கும் கொள்ளியைக் காட்டுவார். நாங்கள் மூச்சுவிடாமல் கேட்டிருப்போம். சிந்துபாத்தின் கடற்பயணம் பிற்பாடு படித்தபோது எனக்கு அவ்வளவு அச்சம் உண்டாகவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் கப்பல் ஓடத் தொடங்கிய பின் வந்தவர்களுக்கு இந்தக் கதை இல்லை. அவர்களுக்கு மண்டபம் முகாமிலே தடுத்து வைத்து அம்மைப்பால் குத்திய கதைதான் உண்டு. 2023ஆம் ஆண்டிலே, இம்மக்கள் வந்து இருநூறு ஆண்டாயிற்றென்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் கால்நடையாக வந்தனர். அதைத் தொலைக்காட்சியில் கண்ட பேரப்பிள்ளைகள், “இவ்வளவு தூரமா தாத்தா?” என்று வியந்தனர். அக்கதையை அவர்களுக்கு நாம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்காலத்துப் பிள்ளையின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். இருள் பிரியுமுன் பெரட்டுத் தப்பு ஒலிக்கும். தாய் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவாள். அங்கே வரிசையாகக் கட்டிய துணி ஏணைகளிலே குழந்தைகள் கிடக்கும். சற்று வளர்ந்தவன் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வான். இன்னும் வளர்ந்தால் அவனுக்கும் பேர் விழும். இது உவமையன்று, சட்டமே அப்படி இருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி உயர்மலைத் தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி, ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கென்று கூலி வகுத்த சட்டத்தைப் படிக்கும்போது, பிள்ளைக்கென்று கதை எழுதாதது ஏன் என்று கேட்பதற்கே கூச்சமாயிருக்கிறது.

கல்வியின் வரலாறும் இதனோடு ஒட்டியதே. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தோன்றிப் பள்ளிகள் சில வைத்தது. அவர்கள் நோக்கம் மதம் பரப்புவதே. எனினும் எழுத்தறிவித்தவரை மறுப்பது நமது மரபன்று. 1920இல் வந்த கல்விச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் சுமத்திற்று. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தலாகாது என்றும் விதித்தது. பத்து மணிக்குப் பின் என்ன செய்யலாம் என்பதைச் சட்டம் சொல்லாமலே துரைமார்க்கு விளங்கிற்று! 1945இல் நாடெங்கும் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், ஐந்து வகுப்பு, அதற்குமேல் படியில்லை. 1977ஆம் ஆண்டு முதல் படிப்படியாகவே அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. இத்தகைய பள்ளியிலே கதைப் புத்தகம் ஏது? வாசகப் புத்தகத்திலே வரும் காகமும் நரியும் வடையுமே கதை.

ஆகவே கதையென்றால் அந்தி நேரத்துக் கதைதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவிலே, மழையும் குளிரும் வெளியே நிற்க, அடுப்பைச் சுற்றியே குடும்பம் முழுவதும் உட்காரும். பெரியவர்களுக்கென்று தனிக்கதை, பிள்ளைகளுக்கென்று தனிக்கதை என்னும் பிரிவு அங்கே இல்லை, பிரித்துவைக்க இடமில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டனர்.

அவ்வாறு கேட்டவற்றுள் தலைசிறந்தது பொன்னர் சங்கர் கதை. மலைநாட்டு மக்களின் முன்னோர் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். கொங்குநாட்டிலும் மணப்பாறையை அடுத்த வீரப்பூரிலும் வழங்கும் அண்ணன்மார் கதையை அவர்கள் மூட்டையோடு கொண்டுவந்தனர். காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு இதனையும் சேர்த்து மூன்றும் மலைநாட்டின் பெருங்கூத்துக்கள் என்பர்.

இக்கதையின் தொடக்கத்தைக் கவனியுங்கள். பெற்றோரை இளமையிலே இழந்த குன்றுடையான் பங்காளிகளின் கொடுமை தாங்காது ஊரைவிட்டு ஓடுகிறான். அயலார் வீட்டிலே மாடு மேய்த்துப் பிழைக்கிறான். அவ்வீட்டுப் பெண் தாமரையை மணக்கிறான். அவள் நெடுங்காலம் பிள்ளையின்றித் தவமிருந்து பொன்னர், சங்கர் என்னும் ஆண்மக்கள் இருவரையும், தங்காள் என்னும் பெண்மகளையும் பெறுகிறாள். பிறந்த ஆண்மக்களைப் பகைவர் கொல்லாதபடி மறைத்து வளர்க்கிறார்கள். அவர்கள் வளர்ந்து இழந்த நிலத்தை மீட்கிறார்கள். மூத்தவன் பொறுமைசாலி, இளையவன் கோபக்காரன். உடன்பிறந்தவளோ வரப்போவதை முன்கூட்டியே அறிபவள்.

ஊரிலே நிலமிழந்து, பங்காளியிடம் தோற்று, அயலார் மண்ணிலே வேலைக்கு வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கு இக்கதை எவ்வாறு கேட்டிருக்கும்! குன்றுடையான் ஊரைவிட்டு ஓடும் இடத்தில் எங்கள் தாத்தா எப்போதும் எழுந்து இஸ்தோப்புக்குப் போய்விடுவார். சுருட்டுப் பிடிக்கப் போகிறார் என்று அப்பாயி சொல்லுவார். சுருட்டில்லாத நாளிலும் அவர் போனதுண்டு.

கதை மலையேறியபோது சிற்சில மாற்றங்களையும் பெற்றது. கொம்பன் என்னும் காட்டுப்பன்றியை வேட்டையாடுவது இக்கதையின் உச்சமான வீரச்செயல். அப்பாயி சொன்ன கதையிலே கொம்பன் லயத்துக்குப் பின்னாலுள்ள மரவள்ளித் தோட்டத்தைக் கிளறிவிட்டுப் போகும். தேயிலைக்காட்டிலே பன்றியைக் கண்ணால் கண்ட பிள்ளைகள் நாங்கள். அதன் தந்தம் எவ்வளவு நீளம் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய நாய்களெல்லாம் தோற்றோட, பொன்னாச்சி என்னும் சின்னஞ்சிறு பெட்டைநாய் அப்பன்றியை மடக்கும் இடம் வந்தால் லயமே சிரிக்கும். பகைவனான தலையூர்க் காளியோ, அப்பாயியின் வாயிலே, கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் வெள்ளிப்பூண் தடியுமாக வருவான். அது யாரைப் போன்ற கோலம் என்பது பெரியங்கங்காணிகளைக் கண்ட பெரியோர்க்குத் தெரியும். ஆசாரி பொன்மரக்காலைக் காட்டிப் பொன்னரை ஏமாற்றும் கட்டத்தில், “தராசுல ஏமாத்துறது அன்னைக்கே இருந்திருக்கு பாரு ராசா” என்று ஒரு வார்த்தை சேர்ப்பார். கொழுந்து நிறுக்கும்போது கழிவென்று எத்தனை இறாத்தல் போயிற்று என்பதை அன்று பிற்பகல்தான் அவர் கண்டு வந்திருப்பார்.

ஆனால் அப்பாயி பன்றிவேட்டையோடு கதையை நிறுத்திவிடுவார். “மிச்சம் நாளைக்கு. விடிஞ்சா பெரட்டு” என்று விளக்கை அணைத்துவிடுவார். அந்த மிச்சம், அண்ணன்மார் இருவரும் படுகளத்திலே மாளும் துயரம். கூத்திலும் அதை நான் சிறுவயதில் பார்த்ததில்லை. படுகளம் வருவது விடியற்காலத்தில். அதற்குள் பிள்ளைகள் யாவரும் சாக்கின்மேல் சுருண்டு உறங்கியிருப்போம். சங்கர் வேடம் கட்டியவர் மறுநாள் காலையில் முகத்து அரிதாரம் முழுவதும் போகாமலே கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போவதைக் கண்டு, அவர் சாகவில்லை என்றே நான் நம்பியிருந்தேன்.

மற்றொரு கதை நல்லதங்காள் கதை. பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சேறிப் பலர் படித்தது இது. பஞ்சத்தால் வாடிய நல்லதங்காள் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அண்ணன் இல்லாத வேளையில் அண்ணி மூளி அலங்காரி கதவடைத்து அவமதிக்கிறாள். மானம் தாங்காத தாய் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பாழ்ங்கிணற்றில் வீசித் தானும் வீழ்கிறாள். பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க கதையா இது என்று இன்றைய ஆசிரியர்கள் கேட்கலாம். எனக்கும் அந்த ஐயம் உண்டு. ஆயினும் 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பெரும்பஞ்சத்தை எண்ணிப் பாருங்கள். அப்பஞ்சத்துக்குத் தப்பி இக்கரைக்கு வந்தோர் ஆயிரமாயிரம். தாம் கண்டதைத் தம் பெயரில் சொல்ல முடியாதவர்கள் நல்லதங்காள் பெயரில் சொன்னார்கள் போலும். கிணற்றுக்குப் போகாமல் தோணிக்குப் போனவர்களின் பிள்ளைகள்தாம் நாம் என்று ஒரு முதியவர் என்னிடம் சொன்னதுண்டு.

நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கோ இராமாயணமே உள்ளூர்க் கதை. சீதா எலியவிலே ஓடைக்கரைக் கோயிலைக் காட்டி இதுவே அசோகவனம் என்பர். பாறைக் குழிகளைக் காட்டி அனுமனின் அடிச்சுவடு என்பர். அவ்விடத்துக் கருமண்ணைக் காட்டி அனுமன் வாலில் வைத்த தீயால் கருகிற்று என்பர். ஹக்கலை மலையைச் சஞ்சீவி பர்வதத்தின் துண்டு என்பர். இலங்காபுரி எங்கே இருந்தது என்று ஆராய்ச்சியாளர் வாதிடட்டும். பிரிந்த துணையை எண்ணி ஒருத்தி இந்த மலையிலே அழுதாள், அவளைத் தேடிக் கடல் தாண்டி ஒருவன் வந்தான் என்பது, கடலுக்கு அப்பால் சொந்தபந்தத்தை விட்டு வந்தோர் வாயிலே வெறும் புராணமாக இருந்திருக்க இயலாது.

அச்சிலே வந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1947இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய அம்புலிமாமாவும், 1950களின் கண்ணனும் தோட்டத்து உத்தியோகத்தர் வீடுகளுக்கு வந்து, கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த நிலையில் லயத்துக்கும் இறங்கின. நன்றாகவே இருந்தன. ஆனால் அவற்றின் பிள்ளைகள் ஆற்றங்கரை அக்கிரகாரத்திலும் அரண்மனையிலும் வாழ்ந்தனர். மலைநாட்டைப் பற்றி எழுந்த இலக்கியமோ பெரியோர்க்கானது. 1914இல் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகிய சி. வி. வேலுப்பிள்ளை, கவிஞராக மட்டுமன்றி நம்மவர் பாடல்களைத் தேடித் தொகுத்தவராகவும் விளங்கினார். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. வள்ளி என்னும் பெண்ணின் வாழ்வை வைத்துத் தோட்டத்துக் குடும்பத்தின் துயரைச் சொல்லும் நாவல் அது. பின்னர் என். எஸ். எம். இராமையாவும் தெளிவத்தை ஜோசப்பும் லயத்து வாழ்வைச் சிறுகதையிலே நிலைநிறுத்தினர். அட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியிலே இர. சிவலிங்கம் போன்றோரிடம் கற்ற தலைமுறை பேனாவைப் பிடித்தது. இவர்கள் செய்த பணி பெரிது. உரிமையிழந்த மக்களுக்காக எழுத வேண்டியிருந்தபோது பிள்ளைகளுக்காக எழுத நேரமெங்கே என்று கேட்டால், அதிலும் நியாயம் இருக்கிறது.

உரிமையிழந்ததை இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும். கதைக்கும் அதற்கும் தொடர்புண்டு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். ஒரே காம்பராவிலே ஒருவர் இந்தியர், மற்றவர் இலங்கையர் ஆயினர். மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலே உறவினர் கட்டியழுது பிரிந்த காட்சியால் அந்த வண்டிக்கே ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வழங்கிற்று.

1973இல் என் அப்பாயி அந்தக் கோச்சியில் ஏறினார். சித்தப்பாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. அப்பாயியின் பெயரும் அதனோடு சேர்ந்திருந்தது. எங்கள் தகப்பனார் இங்கே மனுச்செய்திருந்தார். அட்டன் நிலையத்தில் நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை; அந்தக் கூக்குரலில் கேட்டிருந்தாலும் விழுந்திராது. நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென 1968இல் அமைந்த அரசுத் தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றிலே சித்தப்பாவுக்கு வேலை கிடைத்தது. அப்பாயி அங்கே காலமானார். அங்குள்ள பேரப்பிள்ளைகளுக்கு அவர் படுகளம் வரை சொன்னாரா என்று சித்தப்பா மகனிடம் பல ஆண்டுகளின் பின் கேட்டேன். “அப்பாயி அங்க வந்து கதையே சொல்லலண்ணே” என்றான்.

ஒன்றை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஒப்பந்தம் கைச்சாத்தான மறுவருடமே, 1965இல், பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர் கொங்குநாட்டுச் சிற்றூரிலே அமர்ந்து அண்ணன்மார் கதையைப் பாடகர் வாய்மொழியாக இரவிரவாக ஒலிப்பதிவு செய்தார். அதனால் அந்தக் கதைவடிவம் உலகத்தார் கைக்கும் கிடைத்தது. அதே கதையின் மலைநாட்டு வடிவம், தலைப்பாகைக் கங்காணியும் மரவள்ளி தின்னும் கொம்பனுமாக, தலைமன்னார் வழியே கப்பலேறிக் கொண்டிருந்தது. சொல்பவர் ஒரு கரையிலும் கேட்பவர் மறுகரையிலுமாகப் பிரிந்தபின் கதை எங்கே நிற்கும்? சட்டப்புத்தகத்தின் குறையை 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தீர்த்தது. இந்தக் குறையைத் தீர்க்கச் சட்டம் இயற்ற முடியாது.

அந்த மாணவியின் கேள்விக்குப் பின், எமது சங்கத்து இளைஞர் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் முதியோர் வீடுகளுக்குச் செல்லத் தொடங்கியுள்ளனர். கையிலே தொலைபேசி இருப்பதால் ஒலிப்பதிவு எளிது, எழுதுவதுதான் கடினம். முதியோர் பேசுவதைப் பேசியவாறே எழுதுவதா, ஏட்டுத் தமிழாக்குவதா என்று செயற்குழுவிலே ஒரு மாலை முழுவதும் தர்க்கம் நடந்தது. பேசியவாறே எழுத வேண்டுமென்பது என் கட்சி. செயலாளர் இன்னும் இணங்கவில்லை. கதை சொல்லும் முதியோரிடம் ஒரு தயக்கமும் காணப்படுகிறது. “இதெல்லாம் பெரட்டுக்களத்துப் பேச்சுங்க, புத்தகத்துல போடுவாங்களா?” என்கிறார்கள். தாம் சொன்னதைத் திருப்பி வாசித்துக் காட்டினால் மட்டும் திருத்தம் சொல்கிறார்கள். திருத்தத்தோடு புதிய கதையொன்றும் வந்துவிடுகிறது.

அம்மாணவியும் ஒரு கொப்பி வாங்கித் தன் அம்மாயி சொல்லும் பொன்னர் சங்கர் கதையைப் பென்சிலால் எழுதி வருகிறாள். அவள் அம்மாயியின் கதையிலே பொன்னாச்சிக்கு ஒரு காது அறுந்திருக்கிறது. எங்கள் அப்பாயியின் கதையிலே அப்படியில்லை. சென்ற வாரம் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். பன்றிவேட்டை முடிந்து, தங்காள் கெட்ட கனவு கண்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். மிச்சத்தை அம்மாயி வரும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த பின் சொல்வதாகக் கூறியிருக்கிறாராம்.